ப்ரூயிட் கவுண்டியில் பிள்ளைகள் ஓடாமல் நின்ற கதை

ராய்ஸ் ஹன்னிகட் எங்கள் குழந்தை நல அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தபோது அவருக்குக் குழந்தைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலுறைகளைப் பற்றி எல்லாம் தெரியும். ஹேசல் ஃபோர்க் காலுறை ஆலையில் தரப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஓட்டை இருக்கிறதா, குதிகால் சரியான இடத்தில் இருக்கிறதா, ஜோடி ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஆலையை மூட்டை கட்டி வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிறகு, வீட்டில் உட்கார்ந்து மனைவி நெல் என்பவளின் சமையலைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். "நேத்து பிஸ்கட்ட விட இன்னிக்கு பிஸ்கட் ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு, கவனிச்சியா?" என்று அவர் கேட்ட அன்று, நெல் செய்தித்தாளின் வேலைவாய்ப்புப் பக்கத்தைக் கிழித்து அவர் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து, எங்கள் கவுண்டிக்கு, மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு 'தொடர் மேம்பாட்டு அதிகாரி' இருந்தே தீர வேண்டும் என்று மாநிலத் தலைநகரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. அது என்ன வேலை என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. இயக்குநர் ஜெனீவா ஓவர்கேஷ் அம்மையாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. வந்த விண்ணப்பங்களில் 'தரம்' என்ற சொல் ராய்ஸ் எழுதியதில் மட்டும்தான் இருந்தது. போதாததற்கு, இருவரும் ஒரே பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். வேலை கிடைத்துவிட்டது.

தலைநகரில் பயிற்சி கொடுத்தார்கள். போகும்போது வெறும் ராய்ஸாகப் போனவர், திரும்பும்போது ஒரு வட்டத்தோடு வந்தார். திட்டமிடு, செய், பார், மாற்று என்று நான்கு அம்புகள் ஒன்றின் வாலை ஒன்று துரத்தும் வட்டம். அதை ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கூட்ட அறையில் ஒட்டினார். கழிவறைக் கதவின் உட்பக்கமும் ஒட்டினார். கையில் ஒரு லேசர் விளக்கு வேறு. அந்தச் சிவப்புப் புள்ளியைச் சுவரில் ஓடவிட்டுக்கொண்டு அவர் பேசும்போது, பூனைகளைப் போல எங்கள் எல்லோருடைய கண்ணும் அதன் பின்னாலேயே போகும். என்ன பேசினார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பணத்துக்கு ஆசைப்பட்டதில்லை, பொய் சொன்னதில்லை, யாரையும் அதட்டியதில்லை. உலகத்தில் எந்தக் கோளாறையும் ஒழுங்காக எண்ணிவிட்டால் அது வெட்கப்பட்டுத் தானே சரியாகிவிடும் என்று நம்பினார். அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு எங்கள் கவுண்டியில் பஞ்சமே இல்லை. தாய் தகப்பன் போதையில் விழுந்ததால் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் எக்கச்சக்கம். அவர்களை வளர்ப்பு வீடுகளில் வைப்போம். ஒரு வீட்டில் பல் துலக்கும் பிரஷ் ஈரம் காய்வதற்குள் அடுத்த வீட்டுக்கு மாற்றுவோம். மாறும்போது துணிமணியைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுப்போம். பிள்ளைகள் அதிகம் வீடு மாறும் கவுண்டிகளின் வரிசையை மாநிலம் ஒவ்வொரு காலாண்டும் அனுப்பும். கடைசியில் எங்கள் பெயர் இருக்கும். பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ராய்ஸ் கூட்டம் போட்டார். டோனட் வாங்கி வைத்தார். காலுறை ஆலையில் ஓட்டை விழுந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்பார்களாம்; ஐந்தாவது ஏனில் மூல காரணம் மாட்டிக்கொள்ளுமாம்.

"முதல் ஏன். பிள்ளைங்க ஏன் வீடு மாறுறாங்க?"

"ஓடிப்போறாங்க, மிஸ்டர் ராய்ஸ்" என்றாள் ட்வைலா செட்சர். களப்பணியில் இருந்தவள், வாய்த்துடுக்குக்காரி. "ஓடிப்போற பிள்ள எங்களுக்கு வேணாம்னு வளர்க்கறவங்க கைய விரிச்சுடறாங்க."

"நல்லது. ரெண்டாவது ஏன். ஏன் ஓடிப்போறாங்க?"

"கூடப் பொறந்ததுங்களப் பாக்கத்தான். அக்காவ இந்த மலைல வெச்சுட்டு, தம்பிய அந்த மலைல வெச்சா? கூட்டிட்டுப் போய்க் காட்டவும் நம்மகிட்ட வண்டி கெடையாது. இருக்கறது ஒண்ணு, அதுவும் மேடு ஏறாது."

அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். இது ஒன்றும் பரம ரகசியமில்லை. வாசலில் புல் வெட்டுகிறவனைக் கேட்டாலும் சொல்லுவான்.

ராய்ஸ் கனிவாகச் சிரித்தார். "ட்வைலா, இது ரெண்டாவது ஏன்தானே? இன்னும் மூணு பாக்கி இருக்கு. அவசரப்படக் கூடாது."

மிச்ச மூன்றும் மத்தியானம் வரை நீண்டன. முடிவில், மூல காரணம் 'துறைகளுக்கிடையே தகவல் பரிமாற்றப் பற்றாக்குறை' என்று கண்டுபிடிக்கப்பட்டது. தகவலைப் பரிமாறிக்கொள்ள ஒரு குழு அமைக்கப்பட்டது. டோனட் தீர்ந்தது.

வெளியே வரும்போது ட்வைலா அவர் காதுபடவே சொன்னாள்: "ஆலைல ஜோடி பிரிஞ்ச காலுறையத் தூக்கி எறிஞ்சதுக்கு இவருக்குச் சம்பளம். இங்க ஜோடியப் பிரிச்சு வெச்சுட்டு, ஏன்னு கேக்கறதுக்குச் சம்பளம்."

அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் எண்கள் காத்திருந்தன. உட்கார்ந்து பார்த்தபோது ஒரே ஒரு பிள்ளை மொத்தக் கணக்கையும் கெடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ரெம்மி லெட்ஃபர்ட், பதினான்கு வயது. எந்த வீட்டில் வைத்தாலும் ஓடிவிடுவாள். மறுநாள் அவளே திரும்பி வந்து, குப்பைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த வீடு எங்க?" என்று கேட்டுக்கொண்டு அலுவலகத்தில் நிற்பாள்.

"மறுநாள் திரும்பி வந்துடறா இல்ல?" என்று ஜெனீவா அம்மையார் யோசனையோடு கேட்டார். "திரும்பி வர்ற பிள்ளைய ஓடிப்போன பிள்ளன்னு எப்படிச் சொல்றது, ராய்ஸ்? ஓடறதுன்னா என்ன அர்த்தம்? இதுக்கு ஒரு வரையறை வேணாமா?"

அந்தக் கேள்வியில் ராய்ஸ் தன் ஆயுளின் பெரிய தவறைச் செய்தார். நல்ல கேள்வி என்று நினைத்தார். ஆலையிலும் எது ஓட்டை, எது வெறும் தளர்ந்த இழை என்று வரையறை உண்டே. இருவரும் சேர்ந்து எழுதினார்கள்: ஒரு நாளுக்குள் திரும்பினால் அது ஓட்டம் அல்ல, 'நீட்டித்த நடை'. நீட்டித்த நடைக்குப் பிறகு வேறு வீட்டில் வைத்தால் அது வீடு மாற்றமும் அல்ல, 'ஓய்வு ஏற்பாடு'.

அடுத்த காலாண்டில் எங்கள் கவுண்டியில் ஒரு பிள்ளைகூட ஓடவில்லை. எல்லோரும் நடந்தார்கள். குப்பைப் பையோடு ஓய்வெடுக்கப் போனார்கள். கடைசியில் இருந்த எங்கள் பெயர் மாநிலத்திலேயே முதலிடத்துக்கு ஏறிவிட்டது. பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்த கேடயம் வந்தது. ஜெனீவா அம்மையார் அதைத் திருகாணி போட்டுச் சுவரோடு சுவராக முடுக்கச் சொன்னார். மலை மேல் ஒரு பெரிய ஹோட்டலில் நடக்கும் மாநாட்டில் ராய்ஸ் பேச வேண்டும் என்று அழைப்பும் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: மேடையில் 'பிள்ளைகளின் குரல்' இருக்க வேண்டும். ஒரு பிள்ளையை அழைத்து வரவும்.

பிள்ளைகள் எல்லோருக்கும் அன்று பள்ளிக்கூடம். பள்ளியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவள் ஒருத்திதான். ரெம்மி.

ட்வைலா காரை ஓட்டினாள். ராய்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் உரைக் கட்டு. பின்னால் ரெம்மி, யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள். வழியில் நிறுத்திப் பன் மாதிரியான பிஸ்கட்டில் பன்றிக்கறி வைத்ததும் சீர்வைன் சோடா பாட்டிலும் வாங்கிக் கொடுத்தார்கள்.

"மேடைல உன்கிட்ட ரெண்டு மூணு கேள்வி கேப்பாங்க, ரெம்மி" என்றார் ராய்ஸ். "பயப்படாத. மனசுல பட்டதச் சொல்லு."

"மனசுல பட்டதச் சொன்னா உங்களுக்குத்தான் பயமா இருக்கும், மிஸ்டர் ராய்ஸ்."

ட்வைலாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. சாலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள்.

"என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள் ரெம்மி. "நல்லாவே சொல்லுவேன். அழணுமா? அழவும் வரும். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன வேணும்?"

"கோல்பி. என் தம்பி. ஆறு வயசு. மிஸ் ஐடா ஃபெரல் வீட்ல இருக்கான். மாசா மாசம் காட்டறோம்னு ஜட்ஜ் முன்னாடி சொன்னீங்க. கோடை முடிஞ்சதுலேருந்து காட்டல. ஞாயித்துக்கெழம தோறும் நான் அவனப் பாக்கணும். அவ்ளோதான். இதுக்கு எத்தன தடவதான் நான் அந்த மலையச் சுத்தி நடக்கறது?"

கார் ஒரு வளைவில் திரும்பியது. ராய்ஸ் உரைக் கட்டைப் பார்த்தார். அதில் முதல் தாளில் ஓட்டக் கணக்கின் இறங்கு கோடு ஒன்று சிவப்பில் அழகாக இருந்தது. அந்தக் கோட்டுக்கு ஒரு முகம் இருந்து, அது பின் சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"சரி" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

மேடையில் ரெம்மி வெளுத்துக் கட்டினாள். ப்ரூயிட் கவுண்டி தனக்கு நம்பிக்கை கொடுத்தது என்றாள். தன் குரலைக் கேட்டார்கள் என்றாள். ராய்ஸின் வட்டத்தைக் காட்டி, "இத முதல் தடவை பாத்தப்போ எனக்குக் குடும்பம் ஞாபகம் வந்துச்சு" என்று ஒரு போடு போட்டாள். நூற்றுக்கணக்கான அதிகாரிகள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒரு அம்மாள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மூன்று கவுண்டிக்காரர்கள் ராய்ஸை மடக்கி, அந்த 'நீட்டித்த நடை' வரையறையை எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனார்கள்.

இறங்கி வந்த ரெம்மி அவர் காதில் மெல்லச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம. மறந்துடாதீங்க."

சத்தியத்தைக் காப்பாற்ற ராய்ஸ் திங்கட்கிழமையே குழுவுக்குப் போனார். தகவல் பரிமாற்றக் குழு, அவரே அமைத்ததுதான். ரெம்மியை ஞாயிறுதோறும் தம்பியிடம் அழைத்துப் போக ஒரு வண்டியும் ஆளும் வேண்டும் என்றார்.

"ஆதாரம் என்ன?" என்று கேட்டார் ஜெனீவா அம்மையார். "கூட்டிட்டுப் போனா ஓடறது கொறையும்னு எந்தத் தரவு சொல்லுது?"

"அது அவளோட தம்பி, ஜெனீவா."

"அது உணர்ச்சி, ராய்ஸ். உன் போஸ்டர்ல என்ன எழுதியிருக்கு? முதல்ல திட்டமிடு. ஆறு மாசம் அடிப்படைத் தரவு எடு. அப்புறம் பாக்கலாம். அதுவுமில்லாம, நம்ம கவுண்டில யாரும் ஓடறதே இல்லையே. இல்லாததக் கொறைக்கறதுக்கு வண்டி கேட்டா காசு ஒதுக்கற கவுண்டி கமிஷனர்கள் சிரிக்க மாட்டாங்க?"

தன் வலையில் தானே விழுவது என்பார்களே, அதை நாங்கள் நேரில் பார்த்தோம். ராய்ஸ் சிவப்புப் புள்ளியைக் கூரையில் ஒரு சுற்றுச் சுற்றினார். விளக்கை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நெல்தான் வழி சொன்னாள். "நம்ம வண்டி மேடு ஏறும்ல?" என்றாள். பிள்ளையைக் காரில் ஏற்ற அனுமதி வாங்கக் கணவனும் மனைவியும் கைரேகை கொடுத்தார்கள், போலீஸ் விசாரணைக்கு உட்பட்டார்கள், ஒரு சனிக்கிழமை முழுக்க முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கினார்கள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ரெம்மியை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போனார்கள்.

முதல் சந்திப்பில் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று ராய்ஸ் எதிர்பார்த்தார். கோல்பி வராந்தாவில் நின்று அக்காவை ஏற இறங்கப் பார்த்தான்.

"லேட்டு" என்றான்.

"போடா. காதக் காட்டு" என்று அவன் தலையைத் திருப்பி இரண்டு காதையும் உள்ளே பார்த்தாள். "கழுவறதே இல்லையா? நாய் எங்க?"

இருவரும் நாயைத் தேடி ஓடினார்கள். ராய்ஸ் காருக்குத் திரும்பிப் போய்க் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியைத்தான் அவ்வளவு நேரம் துடைத்தார் என்று நெல் பிறகு எங்களிடம் சொன்னாள்.

ரெம்மி ஓடுவதை நிறுத்திவிட்டாள். நடப்பதையும் நிறுத்திவிட்டாள். இலை உதிர்ந்து, பனி விழுந்து, மறுபடி துளிர்த்தது; அதே வீட்டில் இருந்தாள். ராய்ஸ் இதைக் குழுவில் சொன்னபோது ஜெனீவா அம்மையார் முகம் மலர்ந்தது. "வட்டம் வேலை செய்யுது பாரு!" என்றார்.

"வட்டம் இல்ல, கார்" என்றார் ராய்ஸ். "ஞாயித்துக்கெழம கார்."

பல்கலைக்கழகத்திலிருந்து ஆலோசகராக வந்திருந்த டாக்டர் லைல் பாண்டர் தாடியைத் தடவினார். "ஒரு பிள்ளைய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, மிஸ்டர் ஹன்னிகட். முறையாப் பண்ணணும். கூடப் பொறந்தவங்களப் பிரிஞ்சிருக்கற பிள்ளைங்க பேரெல்லாம் எடுங்க. பாதிப் பேரக் கூட்டிட்டுப் போவோம். பாதிப் பேர வேணும்னே கூட்டிட்டுப் போக வேணாம். ஒரு வருஷம் கழிச்சு ஒப்பிட்டுப் பாப்போம். யார் எந்தப் பாதின்னு சீட்டுக் குலுக்கி எடுங்க."

"யாரு எடுக்கணும்?"

"நீங்கதான். தர அதிகாரி நீங்கதானே."

வேறு எந்தக் காலத்திலாவது என்றால் ராய்ஸ் மகிழ்ந்து போயிருப்பார். சீட்டு, பாதிப் பாதி, ஒப்பீடு, எல்லாம் அவருக்குப் பிடித்த பலகாரம். அன்று எழுந்து தன் அறைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க அவர் டோனட்டைத் தொடவில்லை.

அடுத்த கூட்டத்தில் குலுக்கத் தொப்பியும் இல்லை, சீட்டும் இல்லை. அவர் கையில் லேசர் விளக்குகூட இல்லை.

"டாக்டர் பாண்டர், நீங்க சொன்ன சோதனைய நாம இருவது வருஷமா நடத்திக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். "வண்டி இல்லன்னு சொல்லிப் பாதிப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகவே இல்ல. தம்பி தங்கச்சி பக்கத்துத் தெருவுல இருந்ததால தானா பாத்துக்கிட்டதுங்க மிச்சப் பாதி. சீட்டுக் குலுக்கினது நான் இல்ல, அவங்கவங்க தலையெழுத்து. எண்ணிப் பாத்துட்டேன். பாத்துக்கிட்டதுங்க ஓடல. பாக்காததுங்க ஓடிச்சுங்க."

"ஓடினதா?" என்றார் ஜெனீவா அம்மையார். "நம்ம கணக்குல ஓட்டமே இல்லையே?"

"இருக்கு. நடைன்னு நாம எழுதினதெல்லாத்தையும் மறுபடி ஓட்டம்னு மாத்திட்டேன். ஓய்வு ஏற்பாடெல்லாம் வீடு மாற்றம். நேத்தே தலைநகருக்கு அனுப்பியாச்சு."

டாக்டர் பாண்டர் இது முழு ஆதாரம் ஆகாது, வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்றார். அது உண்மைதான். ஆனால் அதையும் மீறித் தாளை வாங்கிப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரு தடவ சரிபாக்கணும்" என்று முனகியவர், பாதிப் பாதி என்ற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

ஜெனீவா அம்மையார் எடுத்தது கேடயப் பேச்சை. கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுத்தார். இருந்தும் வாசல் வரை கேட்டது. "கேடயம் வாங்கிக் குடுத்தவனே குழியும் பறிச்சியே! ஞாயித்துக்கெழம உன் மூஞ்சியப் பாத்து நான் எப்படிய்யா ஜெபம் பண்றது?"

"கண்ண மூடிக்கிட்டுத்தானே ஜெபம் பண்ணுவோம், ஜெனீவா" என்று ராய்ஸ் சொன்னதாகச் சொல்கிறார்கள். அவருக்கு அவ்வளவு வாய் கிடையாது. ட்வைலா சேர்த்துவிட்டதாக இருக்கும்.

காலாண்டு முடிந்தது. மாநிலத்தில் கடைசி நாங்கள். கேடயத்தைத் திருப்பி அனுப்பும்படி கடிதம் வந்தது. கழற்றப் போன ஆள் திருகாணியை இழுக்க, சுவரில் ஒரு தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்துகொண்டு வந்தது. அந்தப் பள்ளத்தின் மேல் ஜெனீவா அம்மையார் ஒரு நாட்காட்டியை மாட்டினார். வரையறையை எங்களிடமிருந்து வாங்கிப்போன மூன்று கவுண்டிகள் இன்னும் வரிசையில் முன்னணியில் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. செய்தித்தாளில் வந்தது, கமிஷனர்களுக்கு மானம் போனது, இரண்டு வேன்கள் வந்தன. ஜெனீவா அம்மையார் முதல் வேனுக்கு முன்னால் நின்று ரிப்பன் வெட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வருட மாநாட்டில் 'உடன்பிறந்தோர் சந்திப்பு: ஒரு தலைமைப் பயணம்' என்று அவரே பேசினார். ராய்ஸை வேலையை விட்டு நீக்க முடியவில்லை. கடைசி இடத்துக் கவுண்டிக்குத் தர அதிகாரி கட்டாயம் என்று விதி. ஆனால் விளைவை அனுபவிக்க வைத்தார்கள். கவுண்டி ஏன் கடைசிக்குப் போனது என்பதற்கு மேம்பாட்டுத் திட்டம் எழுதும் பொறுப்பு அவருக்கு. உண்மையைச் சொன்னதால் போனது என்பதை நாற்பது பக்கத்துக்கு நீட்டி எழுதிக் கொடுத்தார்.

இப்போது நாங்கள் வரிசையின் நடுவில் எங்கேயோ இருக்கிறோம். வேன்கள் சனி ஞாயிறு இரண்டு நாளும் ஓடுகின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் போதவில்லை. யாரை இந்த வாரம் விட்டுவிட்டுப் போவது என்று ட்வைலாவும் ராய்ஸும் வெள்ளிக்கிழமைதோறும் சண்டை போடுகிறார்கள். கூட்டத்தில் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார வேண்டும், அவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று ராய்ஸ் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறார். முதல் கூட்டத்தில் ஒரு பையன், "கழிவறைக் கதவுல இருக்கற அந்த வட்டத்த எடுங்க, பாத்தா ஒண்ணுக்கு வரல" என்றான். அன்றைக்கே எடுத்துவிட்டார்.

கோல்பி இருந்த ஐடா ஃபெரல் வீட்டுப் பின்னறை ஜன்னல் விதியில் சொன்னதை விட இரண்டு விரற்கடை சிறியதாக இருந்ததால்தான் அங்கே இரண்டாவது பிள்ளையை வைக்க முடியாது என்று இத்தனை நாள் சொல்லியிருந்தார்கள். தேவாலயத்து ஆட்கள் ஒரு சனிக்கிழமை வந்து ஜன்னலைப் பெயர்த்துப் பெரிதாக்கினார்கள். ரெம்மி குடி வந்தாள். இந்த முறை நெல் ஒரு நிஜப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தாள்.

போன மாதம் ராய்ஸ் பார்க்கப் போனபோது அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லை. கோல்பி அவளுடைய செல்போனை நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டிருந்தான்.

"மிஸ்டர் ராய்ஸ், இவன எங்கயாவது வேற கவுண்டிக்கு அனுப்ப முடியுமா?" என்றாள் ரெம்மி.

"ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் ராய்ஸ்.

அவள் ஈரம் சொட்டும் போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். கோல்பி நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டான். உள்ளேயிருந்து மிஸ் ஐடா, பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறுகிறது, சண்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று கத்தினாள்.